பதில் பாதி

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ஜெபத்தில் சின்னவள் கேட்டாளே, "அப்பா, ஜெபமாலையில ஒவ்வொரு பத்துலயும் மொத மணியில மட்டும் நீங்க ஏன் எங்களப் பதில் சொல்ல விடாம கையக் காட்டுறீங்க?" என்று. பெரியவன், "அப்பாவுக்கு மறந்துபோவுது" என்று சிரித்தான். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். மறதி இல்லை. அந்த இடைவெளி என் சித்தப்பாவுடையது. அவரை நீங்கள் பார்த்ததில்லை. வாயால் சொல்லி முடிக்க என்னால் ஆகாது என்பதால் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும்.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் ஊரான கிளிஞ்சல்மேட்டில் ஜெபமாலை சொல்லும் வீடுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. எங்கள் வீட்டில் நான்கு பேர்: அப்பா, அம்மா, நான், கல்யாணமாகாத சித்தப்பா. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே பைபர் போட்டில் மீன் தொழிலுக்குப் போவார்கள்.

ஜெபமாலையில் பத்துப் பத்து மணிகளாக ஐந்து பத்து உண்டு. மணிக்கு ஒரு ஜெபம். அதில் ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பதில் பாதியைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முதல் பாதி அம்மாவுடையது. நிறுத்தி நிதானமாகச் சொல்வார். பதில் பாதியைச் சித்தப்பா ஒரே மூச்சில் உருட்டிவிட்டு, நானும் அப்பாவும் நடுவில் நிற்கும்போதே "ஆமென்" போட்டு முடித்திருப்பார்.

"தம்பி, மாதா என்ன ரயிலா ஏறப் போறாங்க?" என்பார் அம்மா.

"சோறு ஆறிடும் அண்ணி. மாதாவுக்கும் அது தெரியும்."

வாக்கிடாக்கி எங்கள் ஊருக்கு வந்த புதிது. சித்தப்பா இரண்டு செட் வாங்கினார். ஒன்று போட்டில், விளக்குக்கு வைத்திருந்த பெரிய பேட்டரியில் இணைத்தது. இன்னொன்று வீட்டில். அதற்கு ஏரியலைத் தென்னை மரத்து உச்சியில் கட்டியிருந்தார். தினமும் கடலிலிருந்து கூப்பிடுவார். "கரை, கரை, அண்ணி இருக்காங்களா? என்ன கொழம்பு?"

"காத்துக் கொழம்பு. நீங்க மீனோட வந்தாத்தானே மத்தது" என்பார் அம்மா. அதே சேனலில் இருக்கும் மற்ற போட்டுக்காரர்கள், "எங்க வீட்ல கருவாடு, வர்றியாடா?" என்று நடுவில் புகுந்து சிரிப்பார்கள்.

அந்தச் செட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவர் பட்டனை அமுக்கிப் பிடித்திருக்கும்வரை அந்தச் சேனலில் வேறு யாரும் பேச முடியாது. எல்லாருக்கும் அவர் குரல்தான் கேட்கும். பட்டனை விட்டால் 'உஸ்' என்று இரைச்சல் வரும். யாராவது பேச அமுக்கினால் இரைச்சல் நின்று குரல் வரும். "பேசினதும் கைய எடுத்துடணும், மறந்துடாத" என்று சித்தப்பா எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை விடியலில் இருவரும் போனார்கள். சாயங்காலம் சுழிக்காற்று. மற்ற போட்டுகள் எல்லாம் கரையேறின. எங்கள் போட்டு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. புயலைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வானமும் கடலும் ஒரே வெள்ளை. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் தூங்கும்போதும் அலைச்சத்தம் கேட்கும். அன்றைக்கு அது இல்லை. மீன் ஏலக் கூடத்துக்குக் காக்கைகள் வரவில்லை. நாய்கள் வரிசையாகக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தன, ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

தேடப் போன போட்டுகள் அந்த வெள்ளைக்குள் ஒவ்வொன்றாக மறைந்தன. அம்மா செட்டை எடுத்து, சிலுவை வைத்திருந்த மாடத்தில் வைத்தார்.

"அவுங்களுக்குப் பேச முடியாமப் போயிருக்கலாம். கேக்க முடியும்ல. நம்ம ஜெபம் கேட்டா ஆறுதலா இருக்கும்" என்றார்.

பட்டனை அமுக்கி முதல் பாதியைச் சொன்னார். விட்டார். இரைச்சல். நான் பதிலைத் தொடங்கினேன். அப்போது இரைச்சல் நின்றது.

யாரோ அமுக்கியிருக்கிறார்கள். குரல் இல்லை. மூச்சுகூட இல்லை. வெறும் அமைதி. நான் பதிலில் பாதிகூடத் தாண்டவில்லை, இரைச்சல் திரும்ப வந்தது. அடுத்த மணிக்கும் அப்படியே. அதற்கடுத்த மணிக்கும். நான் நடுவில் நிற்கும்போதே அந்த அமைதி முடிந்துவிடும். எனக்கு முன்னால் முடித்துவிட்டு யார் காத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். முதுகெல்லாம் சில்லென்றது. அம்மாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். கண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

ஏலக் கூடத்தில் ஊர்ச் செட்டைக் கவனிக்கும் ஆளை மைக்காரர் என்போம். ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். "கடல்ல அப்படித்தான் எதாச்சும் குறுக்க வரும்டா. அம்மாவச் சுருக்கா முடிக்கச் சொல்லு, தேடுறவங்க பேசணும்" என்றார்.

அம்மா சுருக்கமாகத்தான் சொன்னார், காலை, மதியம், சாயங்காலம். மூன்று முறையும் பதில் வந்தது. எனக்குப் பயம் போய் ஒருவிதப் பெருமைகூட வந்துவிட்டது. சித்தப்பா இருக்கிறார். அப்பாவும் பக்கத்தில் இருப்பார். மைக் கெட்டிருக்கிறது, அவ்வளவுதான். அன்று இரவு அம்மாவின் மடியில் நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலையிலும் பதில் வந்தது. மதிய ஜெபத்தில் மூன்றாவது பத்தில், நான்காவது மணியில் நின்றுவிட்டது.

அம்மா பட்டனை விட்டார். இரைச்சல். நான் பதில் சொல்லி முடித்தேன். இரைச்சல். அம்மா கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு, குரல் மாறாமல் அடுத்த மணிக்குப் போனார். என்னால் அந்த 'உஸ்' சத்தத்தைத் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு தடவை பட்டனை விடும்போதும் சித்தப்பா செத்துப்போவது போல இருந்தது. அம்மா முழந்தாளிட்டுத் தலையைத் தரையில் வைத்து அழுதபோது, பால் பாக்கெட்டில் போட்டு வந்த ரப்பர் பேண்டை எடுத்து, பட்டன் அமுங்கும்படி செட்டைச் சுற்றி இரண்டு சுற்றுப் போட்டேன்.

இரைச்சல் நின்றது. எனக்கு வேண்டியது அதுதான். அந்த நிமிடத்தில் சட்டமெல்லாம் நினைவில் இல்லை.

பட்டன் பிடிபட்டிருப்பது அம்மாவுக்குத் தெரியாது. நிமிர்ந்தவர் செட்டைத் தொடாமல், மாலையை மட்டும் பிடித்து ஜெபத்தைத் தொடர்ந்தார். ஐந்து பத்தும் முடிந்த பிறகு, யாரும் கேட்கவில்லை என்று நினைத்துத் தன் பாட்டில் பேசத் தொடங்கினார்.

"ஆண்டவரே, ரெண்டு பேரையும் குடுன்னு ரெண்டு நாளா கேட்டுட்டேன். இனிமே எனக்கு எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. அவுங்க பயப்படாம இருக்கணும். தண்ணியில இருந்தாலும் உம்ம கையில இருக்கோம்னு அவுங்களுக்குத் தெரியணும். அது போதும். இங்க என்ன வந்தாலும் நான் பாத்துக்கிறேன். புள்ளைய வளத்துக்கிறேன். நீர் அங்க இரும்."

அப்புறம் மறுபடி முதல் மணியிலிருந்து தொடங்கினார்.

அரை மணி நேரம் இருக்கும். மைக்காரர் கையில் கிடைத்த துடுப்போடு ஓடிவந்தார். "எவன்டா பட்டனப் புடிச்சுக்கிட்டு இருக்கிறது? பதினோரு போட்டு கடல்ல ஊமையா நிக்கிது!" என்று வாசலில் கத்தினவர், அம்மாவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். துடுப்பைச் சாய்த்து வைத்துவிட்டு, அம்மா விரலில் இருந்த மணிக்கான ஜெபம் முடியும்வரை நின்றார். பிறகு மெதுவாக உள்ளே வந்து ரப்பர் பேண்டை உருவினார்.

உருவின மறு நொடி செட் அலறியது. "கெடச்சிட்டாங்க! கரை, கேக்குதா? கெடச்சிட்டாங்க!"

மைக்காரர் செட்டைப் பிடுங்கி, "எத்தன பேரு?" என்றார்.

இரைச்சல். பிறகு, "ஒரு ஆள்தாங்க. பெரியவரு."

அந்தப் போட்டின் டிரைவர் பிறகு எங்கள் வீட்டில் வந்து சொன்னது இது. "யாரும் யாரோடயும் பேச முடியல. செட்டுல அக்கா ஜெபம் மட்டும்தான். நமக்கு வேற சாமி. ஆனா அதக் கேட்டுக்கிட்டே இன்ஜினப் போட மனசு வரல, நிறுத்திட்டோம். நிறுத்தினப்புறம் அக்கா குரல் ரெண்டாக் கேக்குது. எதிரொலின்னு நெனச்சு நம்ம செட்ட அணைச்சேன். அப்பவும் கேக்குது. அந்த வெள்ளைக்குள்ளேருந்து, தண்ணிக்கு மேல, சன்னமா. நாலு பேருக்கும் மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. ஒருத்தன், திரும்பிடலாம்ணேன்னான். நான்தான் துடுப்புப் போடச் சொன்னேன்." குரல் வந்த திசையில் எங்கள் போட்டு மிதந்தது. அப்பா கயிற்றால் தன்னைக் கட்டிக்கொண்டு கிடந்தார். பக்கத்தில் செட் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்குப் பேச்சு வர இரண்டு நாள் ஆனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் முதலில் சொன்னது, "நீ பேசினத எல்லாம் கேட்டேன். பயப்படாம இருக்கணும்னு சொன்னியே, அதுக்கப்புறம் கயித்த அவுத்துட்டுக் குதிச்சிடலாம்னு தோணவே இல்ல."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி எப்ப போனாங்க?"

"வியாழக்கிழமையே. பொழுது சாயறப்போ. இன்ஜினத் தூக்கப் போனான், அலை எடுத்துக்கிச்சு."

நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஜெபம் தொடங்கினது வெள்ளிக்கிழமை.

"அப்ப செட்ட அமுக்கினது நீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"எந்தச் செட்ட? எனக்குக் கையே எழும்பல" என்றார் அப்பா.

மைக்காரர் அந்தச் செட்டைக் கழற்றிப் பார்த்தார். "உப்புத்தண்ணி ஏறியிருக்கு. பட்டன் தகடு ஒட்டி ஒட்டி விட்டிருக்கும்" என்றார். இருக்கலாம், பிள்ளைகளா. பேய் என்றோ அற்புதம் என்றோ நான் சொல்லவில்லை. சித்தப்பா எவ்வளவு வேகமாக ஜெபம் சொல்வார் என்று உப்புத்தண்ணிக்கு யார் சொன்னது என்பதை மட்டும் மைக்காரர் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அம்மா ஜெபமாலையை எடுத்தார். முதல் பாதியைச் சொன்னார். நாங்கள் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு மூச்சு நேரம். சித்தப்பா உருட்டி முடிக்கும் நேரம். பிறகு தலையசைத்தார், நாங்கள் சொன்னோம். அம்மா அவருக்காகக் காத்திருக்கிறார், கடலிலிருந்து அவர் வந்து நிற்கப்போகிறார் என்று பல மாதம் பயந்தேன். போனவர்களும் நாமும் ஒரே ஜெபத்தில்தான் இருக்கிறோம், அதில் அவருக்கு ஓர் இடம் விட்டால் போதும் என்று நம்பித்தான் அம்மா அழாமல் இருந்தார்; அது எனக்குப் புரிய நீங்கள் பிறக்க வேண்டியிருந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அப்பாவும் அம்மாவும் கல்லறைப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவுக்கு அங்கே குழி இல்லை. நான் மட்டும் முன்னால் வீட்டுக்கு வந்தேன். நல்ல பகல். மாடத்திலிருந்த செட்டை எடுத்துத் திருகினேன். பட்டனை அமுக்கி, அம்மா சொல்வது போல நிறுத்தி நிதானமாக முதல் பாதியைச் சொன்னேன். விட்டேன். 'உஸ்' என்றது. அது நின்றுவிடுமோ என்றும் பயம், நிற்காதோ என்றும் பயம். அதனால் காத்திருக்காமல், பதில் பாதியை நானே, சித்தப்பாவைப் போல ஒரே மூச்சில் சொல்லி முடித்துச் செட்டை அணைத்தேன்.