அளவுக்குக் கொடுத்த பழைய பிளவுஸ்

“உனக்கு எதுக்குடி இதெல்லாம்? பரீட்சைக்கு வருதா? சம்பளம் ஏறுமா? ஒரு கிழவி எந்த பிளவுஸ அளவுக்குக் குடுத்தா, ஏன் குடுத்தான்னு தெரிஞ்சிகிட்டு நீ என்னா பண்ணப் போற? பேசாம பஜ்ஜியத் தின்னு.”

இப்படித்தான் என் பேத்தியைத் திட்டினேன். மகன் வீட்டுப் பிள்ளை. திட்டினால் எழுந்து போய்விடுவாள் என்று பார்த்தேன். அவளோ எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, “நீங்க சொல்லுங்க பாட்டி, நான் போன்ல தட்டறேன்” என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் கேரித் தீவு தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். அதிலும் பாதி நாள் வாத்தியார் வரவில்லை, மீதி நாள் நான் போகவில்லை. அதனால் இதில் எழுத்து அவளுடையது. வாய் மட்டும் என்னுடையது.

எனக்கு ஒரு மகள். இந்தப் பேத்திக்கு அத்தை. இங்கிலாந்தில் இருக்கிறாள். கொசுவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். டெங்கி கொசு எங்கே முட்டை போடும், எப்படிப் பெருகும், அதை எப்படி நிறுத்தலாம், இதுதான் அவள் வேலை. பல நாடுகளில் அவளைக் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறார்கள். கிள்ளான் பக்கம் பண்டமாரானில் என் பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் அது பிடிபடவில்லை.

“ஆன்டி, கொசு படிக்கிறதுக்கு அவ்ளோ தூரம் போனாளா? இங்க நம்ம லோங்காங்ல இல்லாத கொசுவா?”

“இங்க உள்ள கொசுவுக்கு இங்கிலீஷ் தெரியாதுலா” என்று சொல்லி வைத்தேன். வீட்டுக்குள் வந்த பிறகு யோசித்தால் அவள் கேட்டதும் சரிதான். பின்பக்க லோங்காங் சாக்கடையிலேயே கொசு கோடி கோடியாய் இருக்கிறது. இதை விட்டுவிட்டுக் குளிர் நாட்டுக்கு மகள் ஏன் போனாள்?

மகள் மலேசியாவுக்கு வராமல் இல்லை. வேலையாக வருவாள். தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் ஹோட்டல். கூட்டம், பேச்சு, அது இது என்று ஓடுவாள். நடுவில் ஒரு நாள் என்னை அங்கே வரச் சொல்லுவாள். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். ரசம் வருவதற்குள் அவள் போன் அடிக்கும். பிறகு என்னை ஒரு காரில் ஏற்றிவிட்டு, கண்ணாடி வழியே கையாட்டுவாள். பெற்ற பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிற மாதிரியே இருக்காது. கல்யாண மண்டபத்தில் மொய் வைத்துவிட்டுத் திரும்புகிற மாதிரி இருக்கும்.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. சண்டையாக இருந்தாலாவது நாலு பேரை வைத்துச் சமாதானம் பேசலாம். நேரமில்லை என்கிறவளோடு என்ன பேசுவது?

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அவள் என் கையால் சாப்பிட்டுவிட்டு, என் வீட்டில் ஒரு மத்தியானம் தூங்க வேண்டும். அவ்வளவுதான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஹாலில் காற்றாடிக்கு நேர் கீழே பாயைப் போட்டு, ஒரு காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு தூங்குவாள். அந்தச் சுவரில் அவள் பாதம் பட்ட இடம் கறுத்திருந்தது. பெயின்ட் அடித்தபோது போய்விட்டது. பெயின்ட் அடித்தவனை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

இந்த வருஷம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாதர் சங்கத்தார், பேர் வாங்கிய மூன்று பெண்களை மேடையேற்றிப் பாராட்டுவதாக ஏற்பாடு செய்தார்கள். அறிவியலுக்கு என் மகள். இசைக்கு ஒரு பாட்டு டீச்சர். கோயில் பிள்ளைகளும் சர்ச்சுப் பிள்ளைகளும் அவரிடம்தான் பாடக் கற்றுக்கொள்கிறார்கள். ஃபேஷனுக்கு நம்ம கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருக்கிற தையல்காரம்மா. அவர் தைத்த பிளவுஸுக்காக சிங்கப்பூரிலிருந்துகூட கல்யாணப் பெண்கள் வருகிறார்கள். பழைய பேன்ட் துணியில் அவர் வெட்டிய ஒரு பிளவுஸ் கை மாடலை இப்போது ஊரே வெட்டுகிறது.

மகள் போன் செய்தாள்.

“மா, மூணு பேரும் சேலை கட்டணுமாம். எனக்கு ஒரு சேலை எடுத்து, பிளவுஸ் தெச்சு, ஹோட்டலுக்கு அனுப்பி வெச்சிடுங்க.”

“நீ வந்து எடுத்துக்கயேன்.”

“டைம் இல்லம்மா. வர்ற அன்னிக்கே மீட்டிங். மறுநாள் இந்தப் பங்ஷன். அதுக்கு அடுத்த நாள் ராத்திரி பிளைட்.”

“சரி கண்ணு” என்றேன். போனை வைத்தேன். அப்போதுதான் எனக்குள் இருந்த குள்ளநரி எழுந்து உட்கார்ந்தது.

தையல்கடையில் உடம்பில் டேப் வைத்து அளப்பது ஒரு வழி. ஆள் ஊரில் இல்லையென்றால், அவளுக்குச் சரியாக இருக்கும் பழைய பிளவுஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும். அதுதான் அளவு பிளவுஸ். போன தடவை மகள் ஹோட்டலில் கழற்றிப்போட்டதைத் துவைத்துத் தருகிறேன் என்று எடுத்து வந்திருந்தேன். நியாயப்படி அதைத்தான் கொடுக்க வேண்டும். நான் அதை அலமாரியிலேயே விட்டேன். அடியில் கிடந்த ஒன்றை உருவினேன். அவள் காலேஜில் படித்தபோது தைத்தது. அப்போது ஈர்க்குச்சி மாதிரி இருந்தாள். இப்போது வீடியோவில் கன்னமெல்லாம் உப்பித் தெரிகிறது. இந்த அளவில் தைத்தால் கை நுழையாது. “மா, பத்தல” என்பாள். “ஐயோ, அப்படியா? நேர்ல அளவு குடுத்தாத்தான் உண்டு, கிள்ளானுக்கு வா” என்பேன். கிள்ளான் வந்தால் பண்டமாரான் எவ்வளவு தூரம்?

தையல்காரம்மா அந்த பிளவுஸைப் பிரித்துப் பார்த்தார்.

“ஆன்டி, இது சின்னப் புள்ள அளவு மாதிரி இருக்கே.”

“அவ அப்படியேதாம்மா இருக்கா. இன்னொண்ணு, உள்ள துணி விடாத.”

“என்னா ஆன்டி சொல்றீங்க? ஓரத்துல உள்ள கொஞ்சம் துணி விட்டாத்தானே நாளைக்கு பெருத்தா பிரிச்சு விடலாம்?”

“பெருக்க மாட்டா. விடாத.”

தையல்காரம்மா என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். நான் சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்தேன். அவர் வாயில் பின்னைக் கடித்துக்கொண்டு அளவை எழுதிக்கொண்டார்.

சேலையும் பிளவுஸும் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தன. நான் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கருவாடு வாங்கியாச்சு. முருங்கைக்கீரை ஆய்ந்தாச்சு. போன் அடித்தது.

“மா, பிளவுஸ் கொஞ்சம் லூசா இருக்கு.”

“என்னாது?”

“லூசும்மா. பரவால்ல, பின்னாடி ரெண்டு ஊக்கு குத்திக்கிறேன். ரொம்ப அழகா இருக்கு.”

ஈர்க்குச்சியாய் இருந்தபோது தைத்த அளவு இப்போது அவளுக்குத் தொளதொள என்று இருக்கிறதாம். அந்த போன் முகத்தை மட்டும்தானே காட்டுகிறது. போன தடவைக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே என் பிள்ளை கரைந்துபோயிருப்பதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை. அவள் வரமாட்டாள் என்ற கவலையோடு, அவள் அங்கே என்ன சாப்பிடுகிறாள் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. என் சூழ்ச்சியை ரெண்டு ஊக்கு தோற்கடித்துவிட்டது. ஆய்ந்த கீரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

பங்ஷனுக்கு கோமுட்டர் ரயிலில் போனேன். பக்கத்து வீட்டுக்காரியும் எதிர்வீட்டுக்காரியும் கூடவே வந்தார்கள். “ஆன்டியத் தனியா விடக்கூடாது” என்றார்கள். சாப்பாடு உண்டு என்பது அவர்களுக்கு முன்னாலேயே தெரியும்.

மண்டப வாசலில் சங்கத்துத் தலைவி, யாழ்ப்பாணத்துக்காரி, என் கையைப் பிடித்து, “வாங்கோ அம்மா, முன்னுக்கு வந்து இருங்கோ” என்று முதல் வரிசையில் உட்கார வைத்தார். பாட்டு டீச்சர் முதலில் பாடினார். அவர் பாட ஆரம்பித்ததும் பின்னால் இருந்த பிள்ளைகள் எல்லாம் தன்னால் கூடப் பாடின. என்னோடு இவர்கள் இரண்டு பேரும் வந்ததற்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை என்று அப்போதுதான் தோன்றியது. பக்கத்து வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் என் மகள். பச்சைச் சேலை. தோள் எலும்பு தெரிந்தது. முதுகில் ஊக்கு இரண்டும் விளக்கு வெளிச்சத்தில் மின்னின. அவள் பேசியதில் பாதி இங்கிலீஷ். தமிழில் சொன்ன இடம் மட்டும் எனக்குப் புரிந்தது.

“கொசுவைத் துரத்திக்கிட்டு ஓடினா பிடிக்க முடியாது. அதுக்கு என்னா தேவைன்னு பார்க்கணும். கறுப்பு டப்பா, கொஞ்சம் தண்ணி, இருட்டு மூலை. வெச்சிட்டு சும்மா இருந்தா போதும். அதுவே தேடி வரும்.”

எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. நானும் வைத்துப் பார்த்தவள்தானே.

மூன்று பேருக்கும் மாலை போட்டு முடிந்ததும் நான் மேடை ஓரத்துக்குப் போனேன். அங்கே தையல்காரம்மா என் மகளைத் திருப்பி நிறுத்தி, முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னாம்மா இது? என் பிளவுஸ்ல ஊக்கா? அதுவும் என்னையும் உன்னையும் ஒரே மேடையில வெச்சிகிட்டு?”

“பரவால்லக்கா, தெரியல.”

“உனக்குத் தெரியாது, முதுகு பின்னாடி இருக்கு. ஊருக்குத் தெரியுது. இதையே அந்த நாட்டுல கட்டுவ. யாரு தெச்சதுன்னு கேப்பாங்க. என் பேருதானே போவும்? நாளைக்கிக் காலையில கடைக்கு வா. அளவெடுத்துப் பிடிச்சுத் தரேன்.”

“நாளைக்கி ராத்திரி எனக்கு பிளைட்க்கா.”

“ராத்திரிதானே? காலையில குடு, சாயந்திரம் வாங்கிக்க.”

“பிடிக்கிறதுக்கு சாயந்திரம் ஆவுமா?”

“ஆவும்” என்றார் தையல்காரம்மா. “அவசரமா தெச்சா கோணும். அது வரைக்கும் அம்மா வீட்டுல இரு. கிட்டத்தானே?”

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. ஓரம் பிடிப்பது ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நான் தூணைப் பார்த்தேன்.

மறுநாள் வந்தாள். கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். “போதும்மா, போதும்மா” என்று சொல்லிக்கொண்டே மறுபடி தட்டை நீட்டினாள். கொடுத்த கீரை போனது போனதுதான், புதிதாக ஆய்ந்திருந்தேன். அப்புறம் நான் ஒன்றும் சொல்லாமலே பாயை எடுத்து, காற்றாடிக்குக் கீழே விரித்தாள். ஒரு காலைத் தூக்கிச் சுவரில் வைத்தாள். போன் அடித்தது. அதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதுவும் செய்யவில்லை. அவள் மணிக்கட்டில் எலும்பு எப்படி நிற்கிறது, காதோரம் எப்போது நரைத்தது, இதையெல்லாம் பார்த்தேன். ஒரு கொசு வந்து அவள் கையில் உட்கார்ந்தது. உலகமெல்லாம் கொசுவைப் பற்றிப் பேசுகிறவள், ஒன்றும் தெரியாமல் வாயைத் திறந்து தூங்குகிறாள். அடிக்கக் கையை ஓங்கினேன். அடித்தால் சத்தத்தில் முழித்துக்கொள்வாள். முழித்தால் மணி பார்ப்பாள். மெல்ல ஊதினேன். கொசு எழும்பிச் சுற்றியது. என் கையை நீட்டிக்கொடுத்தேன். குடிச்சுத் தொலை. கிழட்டு இரத்தம்தான், ருசி இருக்காது. அந்த மத்தியானம் எனக்குக் கை முழுக்கத் தடிப்பு.

சாயந்திரம் பிளவுஸை வாங்கி வந்து பெட்டியை மூடும்போது, தையல்காரம்மா கூடவே திருப்பிக் கொடுத்த அந்தப் பழைய அளவு பிளவுஸைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது என் காலேஜ் பிளவுஸ்மா.”

“அப்படியா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல கண்ணு.”

“உள்ள துணியும் விட வேணாம்னு சொன்னீங்களாம்.”

தையல்காரி! பின்னைக் கடித்த வாய்க்கு ஒரு ஊக்கு போட்டிருக்க வேண்டும்.

“பொறி வெக்கிறது என் வேலைம்மா” என்றாள் மகள். சிரித்தாள். ஆனால் சிரிப்பு பாதியில் எங்கேயோ போய்விட்டது. அந்த பிளவுஸை அவளே நாலாக மடித்தாள். அலமாரியைத் திறந்து, அடியில் வைக்காமல், எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

“அடுத்த தடவையும் இதையே குடுங்க.”

கார் எங்கள் லோரோங் சந்து முனை திரும்புகிறவரை நின்றேன். திரும்பிய பிறகும் நின்றேன். அப்போதுதான் எதிர்வீட்டுக்காரியும் பக்கத்து வீட்டுக்காரியும் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்கள்.

“ஏன் ஆன்டி, அவ்ளோ பெரிய படிப்பு படிச்சவ, மேடையில ஊக்கு குத்திகிட்டு நின்னாளே?”

“உங்களுக்கு என்னாடி தெரியும்? அந்த நாட்டுல இப்ப அதான் ஃபேஷன். ஊக்கு வெளிய தெரியணும்.”

“கையெல்லாம் என்னா ஆன்டி தடிப்பு?”

“அவ ஆராய்ச்சிக்குக் குடுத்தேன்.”

“மறுபடி எப்ப வருவாளாம்?”

தடித்த கையைச் சொறிந்துகொண்டே சொன்னேன்:

“அடுத்த பிளவுஸுக்குத் துணி எடுக்கணும். நாளைக்கே போயி எடுத்துடறேன்.”