எட்டுப் படங்களும் ஒரே மாதிரி: கோவில்பட்டிக்கு இரண்டாவது பயணம்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் அருவி, கோட்டை, நல்ல சாப்பாட்டுக் கடை என்று எழுதுவேன். இது அந்த வகை இல்லை. போன தை மாதம் ஒரு சனிக்கிழமை மதுரையிலிருந்து கிளம்பி, கோவில்பட்டி வழியாகப் புதூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன். அதையும் நாலு மாதம் கழித்துப் போனேன்.

காரணம் புரிய வேண்டுமானால் என் பிழைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஓர் ஒளியியல் ஆய்வகத்தில் இருக்கிறேன். ஒளி அலை கண்ணாடியைக் கடக்கும்போது தடிமனான இடத்தில் சற்றுப் பின்தங்கி வரும். அந்த முன்பின் கணக்குக்குக் கட்டம் என்று பெயர். கேமராவுக்கு வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும்தான் தெரியும், கட்டம் தெரியாது. அதனால் நடுவில் ஒரு சின்னத் திரையை வைக்கிறோம். புள்ளி புள்ளியாக அலையை நமக்கு வேண்டிய அளவு தாமதப்படுத்தும் மின்திரை அது. அதில் எட்டு விதமான கோலங்களைப் போட்டு எட்டுப் படம் எடுத்தால், படங்களுக்குள் உள்ள வித்தியாசத்தை வைத்துத் தொலைந்த கட்டத்தைக் கணினியில் மீட்டுவிடலாம்.

புரட்டாசியில் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் இதைச் செய்துகாட்டப் போயிருந்தேன். 'க' என்ற எழுத்தை மிக மெலிதாக அரித்த கண்ணாடி ஒன்றைக் கொண்டுபோனேன். சும்மா பார்த்தால் வெறும் கண்ணாடி. கணினியில் எழுத்து தெரிய வேண்டும். முதல்வரும் நாற்பது மாணவர்களும் காத்திருக்க, மூன்று முறை செய்தும் கணினித் திரையில் புள்ளிக் குப்பைதான் வந்தது. அப்போது மின்திரையின் ஓரத்தில் ஒரு விரல் தடம் கண்ணில் பட்டது. "யார் இதைத் தொட்டது?" என்று சத்தமாகக் கேட்டேன். காலையில் அறையைச் சுத்தம் செய்த ஆய்வக உதவியாளர் குருவம்மாளை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மேசையத்தான் தொடச்சேன் மேடம். இதுகிட்ட போகவே இல்ல."

"ஏம்மா, தொடாமலா கைரேகை வரும்?" என்றேன். அவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

அன்று மாலை திரும்பும் பேருந்தில், சாத்தூர் தாண்டியதும் மடிக்கணினியைத் திறந்தேன். எட்டுப் படங்களும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. அழுக்கு காரணமென்றால் எட்டும் எட்டு விதமாகக் கெட்டிருக்கும். ஒன்றுபோல் இருந்தால், ஒளி அந்தத் திரைக்குக் கட்டுப்படவே இல்லை என்று பொருள். அந்தத் திரை ஒரே திசையில் அதிரும் ஒளியைத்தான் மாற்றும். அதிர்வின் திசையைச் சரிசெய்ய முன்னால் வளையத்தில் ஒரு தகடு இருக்கும். மாணவர்களுக்குக் காட்டுகிறேன் பேர்வழி என்று அதைக் கழற்றியது நான். கோணம் பார்க்காமல் திரும்ப மாட்டியதும் நான். விரல் தடமும் பெரும்பாலும் என்னுடையதுதான்.

அப்போதே ஒரு போன் செய்திருக்கலாம். நாளைக்கு என்று தள்ளினேன். வாரம் ஓடியதும், இனிமேல் சொன்னால் அசிங்கம் என்று வாயை மூடிக்கொண்டேன். மார்கழியில் அந்தக் கல்லூரி மாணவி ஒருத்தி ஏதோ பாடச் சந்தேகம் கேட்டு எழுதினாள். குருவக்காவை விடுதி கூட்ட மாற்றிவிட்டார்கள், அவர் வேலையை விட்டே நின்றுவிட்டார் என்று கடைசி வரியில் இருந்தது. என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது.

இனிப் பயண விவரம். மதுரை மாட்டுத்தாவணி நிலையத்தில் காலை 6.10க்குப் பேருந்து, கோவில்பட்டி 8.20. சுமார் நூறு கிலோமீட்டர், 110 ரூபாய். கல்லூரி அலுவலகத்தில் முகவரி வாங்கத்தான் இப்படிச் சுற்றினேன். புதூருக்கு நேரே போகிறவர்கள் அருப்புக்கோட்டை வழியாகப் போனால் சுருக்கம். 10.05க்கு விளாத்திகுளம் பேருந்து, எட்டயபுரம் வழி, 40 ரூபாய். அங்கிருந்து புதூருக்கு நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வழியெல்லாம் மக்காச்சோளமும் உளுந்தும். முந்தின நாள் தூறலில் கரிசல் குழைந்து கிடந்தது. புதூரில் இறங்கி நாலு அடி வைப்பதற்குள் செருப்பு ஒரு கிலோ கூடிவிட்டது. வெள்ளைச் செருப்போடு யாரும் போய்விடாதீர்கள்.

புதூரிலிருந்து ஏழு கிலோமீட்டர், ஆட்டோ 200 ரூபாய். ஓட்டுநர் யார் வீட்டுக்கு என்று கேட்டார். சொன்னேன்.

"அவியளா? காலேஜுல என்னமோ லச்ச ரூவா மெசினை ஒடச்சிப்புட்டாவன்னு வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்களாம்லா. நீங்க காலேஜுல இருந்தா வாரீங்க?"

"ஆமா அண்ணாச்சி" என்றேன். உடைக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஊர் முகப்பில் தார்ச்சாலை மேல் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறியே மணி உதிர்ந்துவிடும். எங்கள் ஆட்டோவும் அதன்மேல் ஏறித்தான் நின்றது. கவைக்கம்பால் செடியைப் புரட்டிக்கொண்டிருந்தவர் குருவம்மாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க மேடம்" என்று செம்பில் தண்ணீர் கொடுத்தார். அவர் மறுபடி செடியைப் புரட்ட, நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"இது என்னைக்கு மேடம் ஒங்களுக்குத் தெரிஞ்சுது?"

போன வாரம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். சொல்ல நாக்கு துடித்தது. "அன்னைக்குச் சாயங்காலமே" என்றேன்.

கம்பு நின்றது. "நாலு மாசமா எவ்ளோ ரூவா மெசினுன்னு ஊரே கேக்கு. எங்க வீட்டுக்காரரே கேட்டுட்டாரு, ஏட்டி, நெசமாவே நீ தொட்டியான்னு."

"முதல்வருக்குக் கடிதம் எழுதி வச்சிருக்கேன் அக்கா."

"கடுதாசிய யாரு படிக்கப் போறா? நாப்பது பிள்ளையளுக்கு முன்னால கேட்டீங்க. அந்தப் பிள்ளையளுக்கு முன்னால சொல்லுங்க. நானும் வாரேன்."

அடுத்த வியாழன் கருவிப் பெட்டியோடு மறுபடி கோவில்பட்டி. அதே அறை, அதே மாணவர்கள், அதே முதல்வர். குருவம்மாள் கதவோரம் நின்றார். தவறு என்னுடையது, அன்று மாலையே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. "அப்புறம் ஏன் மேடம் இவ்ளோ நாள் சொல்லல?" என்று ஒரு பெண் கேட்டாள். "வெட்கம்" என்றேன். பிறகு வளையத்தைச் சரியான கோணத்தில் வைத்தேன். முதல் முறையிலேயே எழுத்து வந்தது. முதல்வர் ஆய்வகச் சாவியைக் குருவம்மாளிடம் நீட்டினார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

கருவியோடு கல்லூரிகளுக்குப் போகிறவர்களுக்கு: வளையத்தில் கோணத்தை மார்க்கரால் குறித்துவையுங்கள். செய்துகாட்டும் முன் ஏதாவது இரண்டு கோலங்களைப் போட்டு, இரண்டு படமும் வேறாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. நான் அதைச் செய்யவில்லை.

மாணவர்கள் போன பிறகு சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். மேசையின் மறு ஓரத்தில், குருவம்மாள் கைக்கெட்டும் தூரத்தில், மின்திரை இருந்தது. "அதைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்கக்கா" என்றேன்.

குருவம்மாள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். கோபமாகச் சொல்லவில்லை. "நீங்களே எடுத்துக்கோங்க மேடம். ஒங்க சாமானத்த நான் தொட மாட்டேன்."

மேசையைச் சுற்றிப் போய் நானே எடுத்தேன். பெட்டியை மூன்று மாடியும் நானே இறக்கினேன். பேருந்து நிலையம் வரை ஆட்டோ எண்பது ரூபாய்.