பட்டன் போட முடிகிறதா?

டெலிபோன் அம்மாவுக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. ஒரு பெரிய அலுவலகத்தின் தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்து, குரலை வைத்தே ஆளை எடைபோட்டவர். மேலதிகாரி லீவு போட்டது காய்ச்சலாலா, சோம்பலாலா என்று ‘ஹலோ’விலேயே சொல்லிவிடுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை.

கணவரும் பார்வையற்றவர்தான். பிரெய்ல் அச்சகத்தில் பிழை திருத்துபவர். தாளில் புள்ளி புள்ளியாகப் புடைத்து நிற்கும் எழுத்தை விரலால் தடவி, அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதே பிழைப்பு. அந்தக் குணத்தை அச்சகத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். மனிதர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். கடைசி இரண்டு வருடம், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பிரெய்ல் எழுதும் சட்டத்தில் கெட்டித்தாளைச் சொருகி ஊசியால் டக் டக்கென்று குத்த ஆரம்பித்துவிடுவார்.

“என்னங்க அது, விடாம குத்திட்டே இருக்கீங்க?”

“எல்லாம் உன் மேல புகார்தான். நான் போனப்புறம் படிச்சுக்கோ.”

சொன்னபடியே போய்விட்டார். இருநூற்றுச் சொச்சம் பக்கம் மிஞ்சியது. பிள்ளைகுட்டி கிடையாது. டெலிபோன் அம்மா ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டார். ஒரே மூச்சில் படித்துத் தீர்த்துவிட்டால் அதற்குமேல் அவர் பேசவே மாட்டாரே என்ற பயம். உப்பு தூக்கல், குளியலறை வாளி இருந்த இடத்தில் இல்லை, ரேடியோவில் முக்கியமான செய்தி ஓடும்போது பேச்சு என்று வாரம் ஒரு திட்டு வாங்கிக்கொண்டு நான்கு வருடம் ஓட்டினார். முப்பத்தைந்து பக்கம் பாக்கி இருந்தபோது மார்பில் கட்டி வந்தது. அதைக் கண்டுபிடித்ததும் படிக்கிற அந்த விரல்தான்.

அறுவை சிகிச்சை முடிந்து, கீமோவுக்கு உட்கார வைத்தார்கள். முதலில் நான்கு தடவை சிவப்பு மருந்து. அதைக் கொடுப்பதற்கு முன்னால் இதயம் தாங்குமா என்று பரிசோதித்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் எல்லோரும் அந்தச் சிவப்பைப் பார்த்தே பாதி உயிரை விட்டார்கள். குழாயில் இறங்குவதைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டெலிபோன் அம்மாவுக்கு அந்தப் பயம் இல்லை. முடி தலையணையோடு போனது. வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் பட்டாலே எரிந்தது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் ஒரு பக்கம் நடந்தது.

அடுத்தது வேறு வகை மருந்து, வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. ஆரம்பித்த அன்று ஒரு தாளை அவர் கையில் கொடுத்தார்கள். மருந்தின் பக்கவிளைவுகள் எல்லாம் அதில் தெளிவாக அச்சாகியிருந்ததாம். கண் தெரியாதவரிடம் அச்சடித்த தாளைக் கொடுத்துவிட்டு, “வீட்டுக்குப் போய் நல்லா படிங்கம்மா” என்று சொல்ல ஒரு தனித் திறமை வேண்டும். கொடுத்தவர் மனம் கோணக்கூடாதென்று அம்மாவும் அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு வாரமும் நர்ஸ் ஒரு படிவத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பார்.

“சட்டை பட்டன் போட முடியுதாம்மா?”

“போடறேன் சிஸ்டர்.”

பொய்யில்லை. மூன்று வயதிலிருந்து இருட்டிலேயே பட்டன் போட்டுப் பழகிய கை, மரத்துப்போனாலும் போடும். படிவத்தில் வாராவாரம் நல்ல மார்க் விழுந்தது.

ஆறாவது வாரம் எடுத்த பக்கத்தில் புள்ளிகள் மங்கின. ‘ஊசி மழுங்கியிருக்கும், மாத்தாம சோம்பேறித்தனமா குத்தியிருக்கார்’ என்று கணவரைத் திட்டினார். அடுத்த வாரம் பாதிப் பக்கத்துக்குமேல் நகரவில்லை. சந்தேகம் வந்து, மனப்பாடமாகத் தெரிந்த முதல் பக்கத்தை எடுத்துத் தடவிப் பார்த்தார். அதுவும் வெறும் தாளாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். கணவர் செத்த அன்று வீடு நிறைய ஆள் இருந்தார்கள். இந்த அழுகைக்கு ஒருவரும் இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், நோய் திரும்பிவிடும் என்று ஒரு கணக்கு. மிச்சப் பக்கங்களை முன்பே படித்துத் தொலைத்திருக்கக்கூடாதா என்று தன்னையே நொந்துகொண்டார். கடைசியில் காட்டிக்கொடுத்தது ஒரு டம்ளர். எட்டாவது ஊசிக்குப் போனபோது நர்ஸ் அவர் கையைப் பிடித்துத் திருப்பினார்.

“என்னம்மா இது, மூணு விரல்ல கொப்புளம்?”

“காபி டம்ளர். சூடு தெரியல.”

“பட்டன் போட முடியுதுன்னு சொன்னீங்களே?”

“பட்டன் போட முடியுது சிஸ்டர். படிக்கத்தான் முடியல.”

பேனா மூடியை மூடும் சத்தம் கேட்டது. நர்ஸ் போய் டாக்டரைக் கூட்டிவந்தார்.

டாக்டர் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “சிவப்பு மருந்து செல்லுக்குள்ள இருக்கற மரபு எழுத்தையே குலைக்கற வகைம்மா. இது அப்படியில்ல. செல் ரெண்டா பிரியறதுக்கு உள்ளே நூல் மாதிரி ஒண்ணு கட்டும். அந்த நூலை விறைக்க வெச்சுடும், செல்லால பிரிய முடியாது. ஆனா நரம்புக்குள்ளயும் அதே நூல்தான் ஓடுது. நீளமான நரம்புக்குத்தான் முதல் அடி. அதான் விரல் நுனி.”

“திரும்பி வருமா?”

“பலருக்கு மெதுவா வரும், மாசக்கணக்காகும். சிலருக்கு முழுசா வர்றதில்ல. உங்களுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. ரெண்டு வாரம் நிறுத்திட்டு, அளவைக் குறைச்சு மிச்சத்தைத் தரலாம். மரப்பு கூடினா அதோட விட்டுடுவேன். வேண்டாம்னா இப்பவே நிறுத்தலாம். நீங்க சொல்லுங்க.”

“குறைச்சே குடுங்க,” என்றார். “படிக்கறதுக்கு ஆள் உயிரோட இருக்கணுமே.”

“அதுவரைக்கும் தெரிஞ்சவங்க யாரையாவது படிச்சுக் காட்டச் சொல்லலாமே?”

“அச்சகத்துல ஆள் இருக்காங்க. புருஷன் பொண்டாட்டி சண்டையை அவங்க வாயாலயா கேக்கறது?”

டாக்டர் சிரித்துவிட்டார். கிளம்பும்போது நர்ஸ், அச்சுத்தாளில் இருந்ததை எல்லாம் முதல் தடவையாக வாய்விட்டுப் படித்துக் காட்டினார். கடைசியில், “சூட்டை விரலால பார்க்காதீங்கம்மா. கீழ் உதட்டால தொட்டுப் பாருங்க, அதுல உணர்ச்சி இருக்கும்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. காபியை உதட்டருகே கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். டம்ளரின் விளிம்பில் ஒரு சின்ன நசுங்கல் இருந்தது. இந்த மூன்று வாரத்தில் இவ்வளவு துல்லியமாக எதையும் தொட்டதில்லை. டம்ளரை மேஜையில் வைத்தார். வாய்ப்புண் ஆறி வெகுநாளாகிவிட்டது. நின்றுபோன பக்கத்தை எடுத்து, கொஞ்சம் கூச்சத்தோடு, வீட்டில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று தைரியம் சொல்லிக்கொண்டு, கீழ் உதட்டில் வைத்து நகர்த்தினார்.

புள்ளி இருந்தது. ஒரு எழுத்து, அப்புறம் இன்னொன்று. பலமுறை தடம் மாறியது. பலமுறை முதலிலிருந்து வந்தார். ஒன்றரை வரிக்கு அரைமணி நேரம் பிடித்தது. தாள் எச்சில்பட்டு ஈரமாகிவிடாமல் முந்தானையால் உதட்டைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

‘இன்னைக்கும் நாற்காலியை இடம் மாத்திட்டா. முழங்கால்ல நல்ல அடி. இவ திருந்த மாட்டா.’

அவருக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. “கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல இத்தனை முத்தம் வாங்கியிருப்பீங்களா?” என்று தாளைக் கேட்டார்.

அந்த நாற்காலி, கணவர் போனதிலிருந்து ஜன்னலோரம் அதே இடத்தில் இருக்கிறது. இடித்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டில் அதை நகர்த்தவேண்டிய அவசியமே வரவில்லை. டெலிபோன் அம்மா எழுந்துபோய், மரத்த கைகளால் அதைப் பிடித்து, நடுவழிக்கு இழுத்துப் போட்டார்.

“எழுதுங்க,” என்றார்.