தாரில் எழுதிய வாக்கியம்

எனக்கு நாலாம் பாரத்தோடு, இப்போதைய ஒன்பதாம் வகுப்போடு, படிப்பு முடிந்தது. முடித்து வைத்தது ஓர் ஆங்கில வாக்கியம். அதை எழுதியவர் என் மாமா. அம்மையின் தம்பி. மாட்டுவண்டி ஓட்டினார்.

கொல்லயில் என்ற ஊர்ப் பக்கம் எங்கள் வீடு. பேச்சு, சண்டை, ஜெபம் எல்லாம் தமிழ்தான். பள்ளிக்கூடம் நெய்யாற்றின்கரையில். அங்கே எல்லாம் மலையாளம். எனக்கு அது பேச வரும். எழுதும்போது கை நிற்கும். சரித்திரத்தில் விடை தெரிந்திருந்தும் மார்க்கு போகும்.

ஆங்கிலத்தில் அப்படி இல்லை. அது ஸாருக்கும் வீட்டுப் பேச்சு இல்லை, கூடப் படித்த வக்கீல் மகனுக்கும் இல்லை. அந்த ஒரு பாடத்தில் எல்லாரும் அயலூர்க்காரர்கள். அதனால் எனக்குப் பிடித்திருந்தது. ஸார் கரும்பலகையில் தப்பான வாக்கியங்கள் எழுதிப் போடுவார். நாங்கள் சரியாக்கி எழுத வேண்டும். எனக்கு அது அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி. கண் போன இடத்தில் தப்பு நிற்கும். வகுப்பில் என்னைத் தாண்டி யாரும் கை தூக்கியதில்லை.

அது எல்லைச் சண்டை நடந்த காலம். எங்கள் தாலுகா மலையாள நாட்டை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கூட்டம், ஊர்வலம், அடி. டில்லியிலிருந்து பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. அவர்களுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. ஆங்கிலத்தில் சொன்னால்தான் உண்டு என்று மாமா முடிவு செய்தார். ரோடு போடுகிறவர்களிடம் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தார் வாங்கி வந்தார். பழைய கதவுப் பலகை ஒன்றில் பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். வீ வாண்ட்ஸ் தமிழ்நாடு.

எங்களுக்குத் தமிழ்நாடு வேண்டும் என்று அர்த்தம். மாமா மூன்றாம் வகுப்பு.

நான் பார்த்த உடனே சொன்னேன். "மாமா, வாண்ட்டுக்குப் பொறத்தால ஒரு எழுத்து கூடுதல். எஸ் வேண்டாம்."

மாமா சிரித்தார். "ஒரு மாடுண்ணா கவ். நாலு மாடுண்ணா?"

"கவ்ஸ்."

"அப்போ கேக்கது நான் ஒருத்தனா பிள்ளே? ஊரு முழுக்க ஆக்கும். எஸ் வேணும்."

அம்மை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எலே, மாட்டுக்க இங்கிலீசு வேற, மனுசனுக்க இங்கிலீசு வேற. படிக்கிய பெண்ணு சொல்லுகு, கேளு."

"டில்லிக்காரனுக்கு மனசிலாவும். அது போரும்," என்றார் மாமா.

தார் காய்ந்துவிட்டது. காய்ந்தால் காய்ந்ததுதான். பலகையை வண்டியின் பின்னால் கட்டினார். தினமும் அது கூரை ஓட்டோடும் தேங்காயோடும் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் போய் வந்தது.

டில்லிக்காரர்கள் அதைப் பார்த்தார்களா தெரியாது. போலீஸ் பார்த்தது. அமரவிளைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி, பலகையை அவிழ்க்கச் சொன்னார்கள். மாமா மாட்டேன் என்றார். மரியாதைக்குத் தலையில் கட்டிய துவர்த்துத் துண்டையாவது அவிழ்த்துவிட்டுப் பேசு என்றார்கள். அதற்கும் மாட்டேன் என்றார். தோளில் ஒன்று விழுந்தது. வீட்டுக்கு வந்து அம்மை எண்ணெய் தேய்த்தபோதும் துவர்த்து தலையில்தான் இருந்தது.

பலகையை என் பள்ளிக்கூடமும் பார்த்தது. எனக்கு வாண்ட்ஸ் என்று பெயர் விழுந்தது. நான் வகுப்புக்குள் கால் வைத்தால், "தே, வாண்ட்ஸ் வந்நு" என்று பின்வரிசைப் பையன்கள் பாடுவார்கள். நான் திரும்பிப் பார்த்ததில்லை.

வருஷப் பரீட்சை வந்தது. அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஜெயித்தால் அடுத்த பாரம். தோற்றால் பாலராமபுரத்தில் சித்தி வீட்டுக்குப் போய்த் தறிக்கு நூல் சுற்ற வேண்டும். எனக்குப் படிக்க ஆசை. மற்ற பாடங்கள் இழுபறி. ஆங்கிலம்தான் என்னைக் கரையேற்ற வேண்டும்.

கேள்வித்தாளில் கடைசியாகப் பிழை திருத்தும் பகுதி. ஐந்து வாக்கியங்கள். நாலை மளமளவென்று திருத்தினேன். ஐந்தாவது மாமாவின் வாக்கியம். அப்படியே. அந்த எஸ்ஸோடு.

ஹாலில் ஒவ்வொருவராக அந்த ஐந்தாவது வாக்கியத்துக்கு வந்து சேர்ந்தது எனக்குக் கேட்டது. முதலில் ஒரு சிரிப்பு. பிறகு நாலைந்து. பெஞ்சுகள் முனகின. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஸாரும் சிரிக்கத்தான் செய்தார். கெட்டவர் இல்லை. தமாஷ் என்று நினைத்துத்தான் அதைக் கேள்வியில் சேர்த்திருப்பார்.

எனக்கு விடை தெரியும். மாமாவுக்கே சொன்னவள் நான். பேனாவை மையில் தொட்டு, அந்த வாக்கியத்தை மாற்றாமல் எழுதினேன். எஸ்ஸைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன். கீழே, தப்பு இல்லை என்று தமிழில் எழுதினேன்.

ஸார் பக்கத்தில் வந்து நின்றார். "குட்டிக்கு இது அறியாமல்லோ. திருத்து," என்றார் மெதுவாக. உனக்குத்தான் இது தெரியுமே என்று அர்த்தம்.

"தப்பில்ல ஸார்."

"மலையாளத்தில் பறா."

"தப்பில்ல ஸார்."

அவர் முகம் மாறியது. தமாஷ் போய்விட்டது. தாளை எடுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைக்கு நடந்தார். பின்னால் வரச் சொன்னார்.

ஹெட்மாஸ்டர் புதுத் தாள் ஒன்றை என் முன்னால் வைத்தார். ஒரே வரி. சரியாக எழுது. எழுதினால் உன் பேப்பரைத் திருத்துவோம். இல்லையென்றால் ஆங்கிலத்தில் பூஜ்யம். அவ்வளவுதான் சொன்னார். சத்தம்கூடப் போடவில்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் போனார்கள். பியூன் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே வந்தார். என்னிடம் குனிந்து, "எழுதிட்டுப் போ மக்கா, எனக்கு வீட்டுக்குப் போணும்," என்றார். அவரும் எங்கள் பேச்சுக்காரர். இத்தனை நாள் எனக்கு அது தெரியாது.

எழுதினேன். வீ வாண்ட்ஸ் தமிழ்நாடு. தாளை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

ரோட்டில் மாமா வண்டியோடு காத்திருந்தார். ஏறி உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். தட்டிக் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அமரவிளைப் பாலம் வரை வண்டி ஓடியது. பாலத்தில் வண்டியை நிறுத்தினார்.

"அப்போ அது தப்பாக்கும், இல்லியா?"

"தப்பில்ல மாமா."

"உள்ளதச் சொல்லு பிள்ளே."

நான் சொல்லவில்லை. அது போதுமாக இருந்தது அவருக்கு. இறங்கினார். தேங்காய் வெட்டும் அரிவாளை எடுத்தார். பலகையில் அந்த ஒரு எழுத்தை மட்டும் சுரண்டினார். தார் தனியாக வரவில்லை. மரத்தோடு வந்தது. எழுத்து இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பள்ளம் விழுந்தது. நான் தடுக்கப் போனேன். கையை விலக்கினார்.

மறுநாள் காலையில் என்னை வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டினார். கேட்டுக்கு உள்ளே நிறுத்தி, "இங்க இரி, இப்ப வாறேன்," என்றார். பலகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். போலீஸ் சொல்லி அவிழ்க்காத பலகை.

ஹெட்மாஸ்டர் அறை ஜன்னல் எனக்கு நேராக இருந்தது. மாமா பலகையை மேசைமேல் சாய்த்துக் காட்டினார். அந்தப் பள்ளத்தை விரலால் தொட்டுக் காட்டினார். ஹெட்மாஸ்டர் ஏதோ கேட்டார். மாமாவின் கை மேலே போனது. துவர்த்தை அவிழ்த்தார். இரண்டாக மடித்து இடுப்பில் கட்டினார். குனிந்து நின்று மலையாளத்தில் பேசினார். மாமா மலையாளம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நன்றாகப் பேசினார்.

திரும்பி வந்தவர் முகம் தெளிந்திருந்தது. "சம்மதிச்சாச்சு. போய் ஒரு வரி எழுதீட்டு வா. எல்லாத்துக்கும் மார்க்கு போடுவாரு."

"மாட்டேன்."

"நான் எழுதினது தப்பு மக்கா. சரியாக்கியாச்சு. இனி உனக்கென்ன?"

"நீங்க தோத்தா தோத்துக்கிடுங்க மாமா. நான் தோக்க மாட்டேன்."

மாமா என்னை அடித்ததில்லை. அன்றும் அடிக்கவில்லை. வெகுநேரம் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு பலகையைக் கட்டினார். வண்டியைத் திருப்பினார்.

நான் பாலராமபுரம் போனேன். நூல் சுற்றினேன். பிறகு தறியிலேயே உட்கார்ந்தேன். எல்லைக்கோடு எங்களுக்குத் தெற்கே விழுந்தது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் மலையாளப் பக்கமே நின்றன. டில்லிக்காரர்களும் எங்களைத் திருத்தாமல் விட்டுவிட்டார்கள். என் பேரப்பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம். அவர்கள் பேசும்போது தப்பு எனக்கு இன்றும் காதில் படும். சொல்வதில்லை. இன்று யாராவது தாளைக் கொடுத்து அந்த வரியை எழுதச் சொன்னால் எஸ் போட்டுத்தான் எழுதுவேன். அதில் மாற்றமில்லை.

மாமா அந்தப் பலகையை வண்டி இருந்தவரைக்கும் கழற்றவில்லை. சரியான வாக்கியத்தோடு ஓட்டினார். அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வீடு திரும்பும்போது துவர்த்தை மறுபடி தலையில் கட்ட மறந்துவிட்டார். வெயில் சுள்ளென்று அடித்தது. நான் பின்னால் உட்கார்ந்து அவருடைய வெறும் தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். போலீசுக்குப் பயப்படாத மனிதர் ஒரு வாத்தியாருக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பதினாலு வயதில் அவ்வளவுதான் தெரிந்தது.