அப்பா ஜெயிக்க நினைத்த ஒரே தேர்தல்

செகந்திராபாத்தை ஒட்டிய போலாரத்தில் தேர்தல் வந்துவிட்டதை எங்களுக்கு முதலில் சொல்வது ஜீப்பில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்தான். பஜாரில் தெலுங்கில் கும்பிட்டு, மசூதிப் பக்கம் உருதுவில் சலாம் வைத்து, எங்கள் குவார்ட்டர்ஸ் லைனுக்குள் திரும்பியதும் கரகரத்த தமிழில் "அம்மாமார்களே, அய்யாமார்களே" என்று ஆரம்பிக்கும்...

அப்பா உடனே ரேடியோவை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்.

அவருக்கு ராணுவ ஸ்டோர்ஸில் வேலை. கல்யாணமான கையோடு கும்பகோணத்திலிருந்து வந்தவர். செகந்திராபாத் பார்லிமென்ட் தொகுதியின் சரித்திரம் மொத்தமும் அவருக்கு அத்துப்படி. யார் எப்போது நின்றார், யார் யாரைக் கவிழ்த்தார், எந்தப் பேட்டை யார் காலை வாரியது... கேட்காமலே சொல்வார்.

ஆனால் அந்தச் சரித்திரத்தில் அப்பாவுக்கென்று ஒரு சோகம் இருந்தது. அவர் ஓட்டுப் போட்ட ஆள் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை!

சீட்டில் முத்திரை குத்திய காலத்திலும் சரி, மெஷின் வந்த பிறகும் சரி. படித்தவர், கை சுத்தம், பேச்சில் நிதானம் என்று தேடிப் பிடித்துப் போடுவார். அந்த மனிதர் டெபாசிட்டைப் பறிகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

அம்மா நேர் எதிர். வரிசையில் நிற்கும்போதுகூட யாருக்கு என்று யோசிக்க மாட்டார். கண்ணில் முதலில் பட்டவருக்குப் போடுவார். அவர் ஜெயித்துவிடுவார்.

எதிர்வீட்டு சுபேதார் அங்கிளுக்கு இது நல்ல தமாஷ். வேலூர்க்காரர், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் போலாரம். ஓட்டுக் கேட்டு வந்த பையன்களை ஒரு நாள் எங்கள் கேட்டிலேயே மறித்தார்.

"நக்கோ பாய், இந்த வீட்ல கேக்காதீங்க. சாப் ஓட்டுப் போட்டா உங்க ஆள் காலி."

எல்லோரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை.

அவருக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் முதல் வேலை. அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்த அன்று காலை காபியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் மட்டும் சொன்னார்.

"இந்தத் தடவை கொள்கை கிள்கை எதுவும் கிடையாதும்மா. ஜெயிக்கிற ஆளுக்குத்தான் போடப்போறேன். ஒரே ஒரு தடவை."

தப்புக் காரியம் செய்யப்போகிறவர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அதன் பிறகு வீடே பரீட்சை ஹால். நான்கு பேப்பர். இரானி ஹோட்டலில் விசாரணை, சலூனில் விசாரணை, கறிகாய்க்காரம்மாவிடம் விசாரணை. கடைசியில் செகந்திராபாத்தில் நின்றவர்களில் ஒருவரை முடிவு செய்தார். இவர் ஜெயிக்காவிட்டால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்றார்.

ஓட்டு நாள். பள்ளிக்கூடம், வெயில், நீள வரிசை. அப்பா முன்னால் இருந்தவர்களுக்கும் பின்னால் இருந்தவர்களுக்கும் தொகுதி சரித்திரம் சொல்லிக்கொண்டே உள்ளே போனார். சட்டசபைக்கு ஒரு மெஷின், பார்லிமென்ட்டுக்கு ஒரு மெஷின். முதல் மெஷின் 'பீப்' என்றது. இரண்டாவதில் சத்தமே இல்லை...

ஒரு நிமிஷம் ஆயிற்று. வரிசையில் ஒருவர், "அரே, அங்கிள் தூங்கிட்டாரா?" என்றார்.

அட்டை மறைப்புக்கு மேலே அப்பாவின் தலை எழுந்தது.

"சார்! என் ஆள் பேரே இதுல இல்லையே!"

"யாரு சார் உங்க ஆளு?" என்று ஆபீஸர் கேட்டதுதான் தாமதம், கட்சி ஏஜென்ட்டுகள் எல்லோரும் சேர்ந்து, "பேரு செப்பொத்து சார், செப்பொத்து!" என்று அலறினார்கள். பேரைச் சொல்லாதீர்கள் என்று அப்படி ஒரு பதற்றம்.

ஆபீஸர் பொறுமையாகச் சொன்னார். "சார், இது மல்காஜ்கிரி பார்லிமென்ட். செகந்திராபாத் இல்ல."

தொகுதி எல்லைகளை மாற்றியதில் போலாரம் புதிதாகப் பிறந்த மல்காஜ்கிரிக்குப் போய்விட்டிருந்தது. சட்டசபைத் தொகுதியின் பெயர் மட்டும் அதே செகந்திராபாத் கன்டோன்மென்ட். பூத் சீட்டில் அதைப் பார்த்துவிட்டு அப்பா நிம்மதியாக இருந்துவிட்டார். ஜீப்பில் வந்து கத்தியவர்களைக்கூட, பக்கத்துத் தொகுதிக்காரர்கள் வழி தவறி வந்துவிட்டார்கள் என்றே நினைத்திருக்கிறார். செகந்திராபாத்தின் ஆதி முதல் சரித்திரம் தெரிந்தவருக்கு, தான் இப்போது அதில் இல்லை என்பது மட்டும் தெரியவில்லை.

எதையோ அமுக்கிவிட்டு வெளியே வந்தார்.

ரிசல்ட் அன்று செகந்திராபாத்தில் அவர் கணித்த ஆளே ஜெயித்தார். அப்பா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். அப்படியே உட்கார்ந்தார். மல்காஜ்கிரியில் அவர் அமுக்கிய ஆள் தோற்றுவிட்டார். சமையலறையிலிருந்து அம்மா எட்டிப்பார்த்து, "நான் போட்டது வந்துருச்சு போலயே" என்றார்.

சுபேதார் அங்கிள் சிரிப்பதற்கென்றே ரோட்டைத் தாண்டி வந்தார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்பா பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். பிறகு அங்கே போய்ப் பார்த்தேன். தனியாக உட்கார்ந்திருந்தார். எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

எனக்குக் கல்யாணமாகி, இப்போது நாங்கள் பத்மாராவ் நகரில் ஃப்ளாட் வாங்கி வந்துவிட்டோம். அப்பாவும் அம்மாவும் எங்களோடுதான். முறைப்படி முகவரி மாற்றி, அப்பா மறுபடி செகந்திராபாத் வாக்காளர்! ஜீப் வருவதில்லை, ஃபோனில் மெசேஜ் வருகிறது. அபார்ட்மென்ட் குரூப்பில் ஓட்டு நாள் லீவுக்கு யார் எங்கே போகிறார்கள் என்பதுதான் பேச்சு. என் பையன் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற ரகம்.

போன தேர்தலுக்கு முன்னால் அப்பாவிடம் ஃபோனை நீட்டினேன்.

"சர்வே எல்லாம் இவர்தான்னு சொல்லுதுப்பா. கண்ணை மூடிட்டுப் போடுங்க. இந்தத் தடவை நீங்க ஜெயிச்சுருவீங்க."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியல் முழுவதும் படித்தார். கடைசிக்குப் பக்கத்தில் ஒரு பேரில் விரலை வைத்தார். ஏதோ ரிட்டயர்ட் வாத்தியார், சுயேச்சை.

"ஐயோ, அவர் தோத்துருவார்பா."

"தெரியும்மா. அவருக்கும் நாலு பேர் போடணும்ல?"

பூத்தில் நான் ஜெயிக்கிறவருக்குப் போடத்தான் போனேன். மெஷின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்... வெளியே வந்ததும் மை வைத்த விரலை அப்பாவிடம் காட்டினேன்.

ரிசல்ட் அன்று வாத்தியாரின் பேர் டிவியில் ஒரு நொடி ஓடி மறைந்தது. டெபாசிட் போச்சு. அவர் வாங்கிய சொற்ப ஓட்டில் எங்கள் வீட்டு ஓட்டு இரண்டு.