எம் பின்னால யாரு?

சத்துணவுக் கூடத்து விறகுக் குவியலுக்குள் கண்ணாடிவிரியன் சுருண்டு கிடந்ததை அக்காதான் முதலில் பார்த்தார். அதற்கு ஒரு சாண் தள்ளி, இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கை. அக்கா கத்தவில்லை. “சிலையா நில்லு, சிலையா நில்லு, சிலைக்கு மூச்சு மட்டுந்தான்” என்று விளையாட்டுப்போல ராகம் போட்டுச் சொன்னார். பிள்ளையும் விளையாட்டென்று நினைத்து அசையாமல் நின்றது. பாம்பு மெல்ல நழுவி வேலிக்குள் போனது. அதன்பிறகு அக்கா வகுப்பறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். நான்தான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். மறுநாள் அந்த வரி முழுப் பாட்டாகியிருந்தது.

கல்வராயன் மலையில் ஐந்தாம் வகுப்பு வரை இருந்த அந்தப் பள்ளிக்கு நாங்கள் இரண்டு பேரும்தான் ஆசிரியைகள். அவர் வடக்கனந்தல்காரர். நான் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறுவேன். என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் அக்கா. அவர் எழுதிய பாட்டுகளை இன்று சமவெளிப் பள்ளிகளிலும் பாடுகிறார்கள். திருநாவலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் பட்டுப்பாவாடை கட்டி ஆடிய வீடியோ சென்ற மாதம் என் போனுக்கு வந்தது. எவ்வளவு குதூகலமான பாட்டு என்று கீழே ஒருவர் எழுதியிருந்தார். பாதியிலேயே அணைத்துவிட்டேன். அக்காவின் பாட்டுகள் எதுவும் குதூகலத்தில் பிறந்தவை அல்ல.

மழைக்காலத்தில் மூன்று மணிக்கே மலையில் பனிமூட்டம் இறங்கிவிடும். ஓடையை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் பன்னிரண்டு பிள்ளைகளை அவர்கள் ஊர்க் கொல்லை தெரியும் திருப்பம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் நாங்கள் பஸ்ஸுக்குத் திரும்புவோம். முன்னால் நான், கடைசியில் அக்கா. நடுவில் இருக்கும் பிள்ளைகள் இருவர் கண்ணுக்குமே தெரியாத நாட்கள் உண்டு. யாராவது தவறிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அவர் வீடியோவில் வந்த அந்தப் பாட்டைக் கட்டினார். “எம் பின்னால யாரு?” என்று நான் தொடங்குவேன். “சாமைக் கதிரு நான்தான், எம் பின்னால யாரு?” என்று முதல் பிள்ளை பாடும். அடுத்தது தேன்பூச்சி, அதற்கடுத்தது பலாச்சுளை. ஆளுக்கொரு பெயர். வரிசையின் கடைசியில் நடப்பவள் நெல்லிக்கா, மூன்றாம் வகுப்புப் பெண். அவள் கேட்டதும் அக்கா, “நான்தான் இருக்கேன், எம் பின்னால யாருமில்ல” என்று முடிப்பார்.

அன்றைக்கு மேலே எங்கோ பலத்த மழை. ஓடை இரைந்துகொண்டிருந்தது. பாட்டு ஒவ்வொருவராகத் தாண்டிப் பின்னால் போனது. நெல்லிக்காவுக்கு முந்திய பிள்ளை, “எம் பின்னால யாரு?” என்றது. பதில் இல்லை. மறுபடியும் கேட்டது. அப்போதும் இல்லை. தன் காலில் தைத்த முள்ளைப் பிடுங்கக் குனிந்த நேரத்தில் நெல்லிக்கா முன்னே போய்விட்டாள் என்று அக்கா நினைத்திருக்கிறார். ஓடிவந்து பார்த்தால் வரிசையில் பதினோரு பேர்.

“நீ இவங்கள வுட்டு அசையாத,” என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டு வெண்மைக்குள் மறைந்தார்.

பதினோரு பிள்ளைகளும் என் புடவையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் எண்ணினேன். எண்ணி முடித்ததும் மறுபடி எண்ணினேன். “எம் பின்னால யாரு, எம் பின்னால யாரு” என்று அக்காவின் குரல் ஓடைப் பக்கம் இறங்கிப்போவது கேட்டது. ராகம் போய் வெறும் கேள்வியாகி, பிறகு அதுவும் கேட்காமல் போனது. அக்காவும் திரும்பாவிட்டால் இந்தப் பிள்ளைகளை எந்தப் பக்கம் நடத்திக்கொண்டு போவது என்று யோசித்தேன். அந்த நேரத்தில் அப்படி யோசித்ததற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அக்கா வந்தபோது இடுப்பு வரை நனைந்திருந்தார். இடுப்பில் நெல்லிக்கா. தண்ணீரில் போன செருப்பை எடுக்க ஓடை நடுப்பாறைக்குத் தாவியிருக்கிறாள். அதற்குள் தண்ணீர் ஏறிப் பாறையைச் சூழ்ந்துவிட்டது. செருப்பு அவள் கையிலேயே இருந்தது. ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் கோபமாகத்தான் வந்தது.

“நான் சொல்லிக்கினேதான் இருந்தேன் டீச்சர். உங்களுக்குத்தான் கேக்கல.”

அக்காவின் முகத்தில் அப்போது தெரிந்த பயம், அவளைத் தேடி ஓடியபோது இருந்ததைவிடப் பெரியது.

கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த அவள் அம்மாவிடம் அக்கா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அந்த அம்மா முந்தானையால் மகளின் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். “நாளைக்கு அனுப்பமாட்டேன் டீச்சர். அப்பறமும் எப்பன்னு கேக்காதீங்க,” என்றாள். அக்கா தலையாட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் என்னையும் கூட்டிக்கொண்டு விசில் தேடினார். கடைக்காரர் எடுத்துக் காட்டிய ஒவ்வொன்றையும் ஊதச் சொல்லி, தெருவின் மறுகோடியில் போய் நின்று கேட்டார். திங்களன்று பிள்ளைகளின் கழுத்தில் ஒவ்வொன்றாகக் கட்டினோம். பாட்டில் ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு ஒரு விசில் சேர்ந்தது. வீடியோவில் அழகுக்காக ஊதுவதாக எல்லோரும் நினைக்கும் அந்த விசில், தண்ணீர் இரைச்சலைத் தாண்டுவதற்காக வந்தது.

நெல்லிக்காவுக்கு வாங்கியது மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. இரண்டு வாரம் கழித்து, ஓடை வடிந்த பிறகு, அவள் அம்மாவே அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மகள் கழுத்தில் அக்கா விசிலைக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், “எனக்கும் ஒண்ணு குடுங்க டீச்சர். இவ வூடு வந்து சேந்ததும் நான் ஊதறேன். உங்களுக்குத் தெரிய வேணாமா?” என்றாள்.

அக்கா தன் கழுத்தில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்.

அன்று முதல் திருப்பத்தில் பிள்ளைகளை விட்டபின் நாங்கள் உடனே கிளம்புவதில்லை. பனிமூட்டத்துக்குள் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்போம். பெரும்பாலான நாட்களில் அந்த அம்மாவின் விசில் சீக்கிரமே கேட்டுவிடும். சில நாட்களில் தாமதமாகும். பஸ் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொள்வார். அந்தக் கை சில்லிட்டிருக்கும்.