சாப்பாட்டு நேரத்துப் பச்சைக் கோடு

எங்கள் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் மடிப்பக்கா. ஓட்டல் படுக்கை விரிப்பில் விரலகலம் மடிப்பு பிசகினாலும் பிரித்து மறுபடி மடிப்பாள். என்னையும் மடிக்க வைப்பாள். அதற்காக நான் அவளைத் திட்டாத நாளில்லை. ஒரே அறையில் குடியிருந்துகொண்டு திட்டாமல் எப்படி இருப்பது?

கணவன் போனபிறகு, மகளைப் படிப்புக்காக நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வேலைக்கு வந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனாரின் போனில்தான் மகள் பேசுவாள். அத்தை பக்கத்திலேயே நிற்பாள். "நல்லா இருக்கேம்மா." "சாப்பிட்டேம்மா." "வைக்கட்டுமாம்மா?" அதற்கு மேல் பேசினால் முத்து உதிர்ந்துவிடும். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று நான் சொன்னால் மடிப்பக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிறு அந்தப் பெண் அத்தையின் போனிலிருந்து ஒரு லிங்க் அனுப்பினாள். மழைநீர் எங்கே போகிறது என்று வகுப்பில் நாலு பிள்ளைகள் சேர்ந்து கட்டுரை எழுதுகிறார்கள். இணையத்தில் ஒரே பக்கத்தை எல்லோரும் திறந்து எழுதலாம், அம்மாவும் பார்க்கலாம். உள்ளே இருப்பவர் பெயரோடு ஒரு வண்ணக் கோடு துடிக்கும். மகளுடையது பச்சை.

அன்றிலிருந்து மதிய இடைவேளை வந்தால் போதும், மடிப்பக்காவுக்கு ஒரு கையில் சோறு, ஒரு கையில் போன். பச்சைக் கோடு நகரும், நிற்கும், எழுதியதை அழிக்கும், திரும்ப எழுதும்.

"இப்ப யோசிக்கிறா பாரு," என்பாள்.

"ஒரு கோட்டைப் பார்த்து யாராவது இப்படி ஏங்குவாங்களா? நீயும் நாலு வார்த்தை எழுதேன்க்கா."

"சும்மா இருடி. பிள்ளைங்க பாடம். நான் கைவெச்சுக் கெடுத்துட்டா? டீச்சர் வேற பார்ப்பாங்க." கொஞ்சநேரம் கழித்து, "அவ கன்னத்தை ஒரு தடவை தொட்டுப் பார்க்கணும்போல இருக்கு," என்றாள்.

எனக்குப் பேச்சை மாற்றவேண்டியிருந்தது. "அதென்ன, ஒரே வரியை இத்தனை தடவை அழிச்சு எழுதுறா உன் பொண்ணு?"

"என்னை மாதிரி. சரியா வர்ற வரைக்கும் விடமாட்டா."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நான் என் தட்டைக் கழுவப் போனேன்.

ஒருநாள் பக்கத்தின் ஓரத்தில் அவள் மகளின் தோழி ஒருத்தி குறிப்பு எழுதியிருந்தாள். "உன் பகுதி போன வாரமே முடிஞ்சுது. தினமும் சாப்பிடக்கூட வராம லைப்ரரி கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து எழுதினதையே அழிச்சு எழுதுற. நீ முடிச்சாத்தானே டீச்சருக்கு அனுப்ப முடியும்?"

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குக் கீழே மகளின் பதில் வந்தது. "அனுப்பினா பக்கத்தைப் பூட்டிடுவாங்க. அப்புறம் அம்மா எப்படி வருவாங்க?"

மடிப்பக்கா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். "இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும் விடுக்கா. கட்டுரை எங்கே ஓடிடப்போகுது," என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாளில் முதல்முறையாக அந்தப் பக்கத்தில் எழுதினாள்: "அனுப்பிடு கண்ணு. போய்ச் சாப்பிடு."

பச்சைக் கோடு வெகுநேரம் நின்ற இடத்திலேயே துடித்தது. பிறகு "சரிம்மா" என்றது. கடைசி வரியை ஒரே மூச்சில், எதையும் அழிக்காமல் எழுதி முடித்துவிட்டு மறைந்தது. மடிப்பக்கா அந்த வரியை இரண்டு முறை படித்தாள், முகத்தைக் கழுவிக்கொண்டு இஸ்திரி மேசைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் இடைவேளையில் அவள் போனை எடுக்கவில்லை. தட்டையும் தொடவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அதான் பூட்டியாச்சே, இன்னும் என்னத்தைப் பார்க்குற? சோறு ஆறுது, சாப்பிடுக்கா."

"இரு. இப்பத்தான் அங்க மணி அடிச்சிருக்கும். அவ முதல்ல சாப்பிடட்டும்."